இது ஆரு வரைஞ்சது?

அந்த டீச்சருக்கு வரையத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படப் புத்தகம், படம் வரைகிறவர்கள் என்று நான் பேச்சை எடுத்தாலே கேட்கிறவர்கள் அவரை ஓவியர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கரும்பலகையில் அவர் மாங்காய் போட்டால் மூன்றாம் வகுப்பு மொத்தமும் "டீச்சர், எலி!" என்று கத்தும். அவரும் திரும்பிப் பார்த்து, "ஆமா, எலிதான்" என்று அதற்கு ஒரு வாலையும் போட்டுவிட்டுப் பாடத்தைத் தொடர்வார்.

மட்டாஞ்சேரியில், மிளகு குடோன்களுக்குப் பின்னால் இருந்த தமிழ் எலிமெண்டரி ஸ்கூலில் நான் நாலாம் வகுப்பு மாஷ். அவர் மூன்றாம் வகுப்பு. நடுவில் ஒரு மூங்கில் தட்டிதான். அவர் வகுப்பில் நடந்தது எதுவும் என் காதுக்குத் தப்பியதில்லை. எழுபதுகளின் கடைசியில் ஆரம்பித்துச் சில வருஷங்கள் அந்தத் தட்டிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவரைக் கேட்டிருக்கிறேன். முக்கால்வாசி நேரம் எரிச்சலோடு.

படப் புத்தகத்தை எடுத்தால் அவர் உடனே திறக்க மாட்டார். முதலில் எல்லாரும் கையைக் காட்ட வேண்டும். மத்தியானம் போட்ட மஞ்சள் உப்புமாவின் எண்ணெய் விரலில் இருந்தால் எழுந்து போய்க் கழுவிவிட்டு வர வேண்டும். அப்புறம் அட்டையைப் பிள்ளைகள் பக்கம் திருப்பிப் பிடித்துக் கேட்பார்:

"இது ஆரு வரைஞ்சது?"

பிள்ளைகள் பெயரைச் சொல்லும். ருஷ்யப் பெயரோ, ஜப்பான் பெயரோ, வாய்க்கு வந்தபடி, ஆனால் சொல்லும். கதை எழுதியவர் பெயரை அவர் ஒருநாளும் கேட்டதில்லை. நான் ஒருமுறை காரணம் கேட்டேன். "எழுதின ஆளு பேரு அட்டையிலே பெருசா கிடக்கு மாஷே. கண்ணு உள்ளவனுக்கெல்லாம் தெரியும். வரைஞ்ச ஆளு பேரு உள்ளே எங்கேயோ மூலையிலே எறும்பு மாதிரி. அதைத்தான் தேடணும்" என்றார்.

சில புத்தகங்களில் வரைந்தவர் பெயரே இருக்காது. அப்போது அவர் புத்தகத்தை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்து, "பேரு இல்ல" என்பார்.

"ஆளு உண்டு!" என்று வகுப்பு முழுக்கக் கத்தும்.

அதற்குப் பிறகுதான் புத்தகம் திறக்கும். இந்தக் கத்தல் தாங்காமல் ஒருநாள் தட்டியைச் சுற்றிக்கொண்டு போனேன்.

"டீச்சரே, அந்தப் பக்கம் ஒரு மனுஷன் வாய்ப்பாடு நடத்திட்டிருக்கான்."

"நடத்துங்கோ. ஆரு தடுத்தா?"

"உங்க பிள்ளைங்க கத்துற கத்துல ஏழெட்டு எவ்வளவுன்னு எனக்கே மறந்துபோச்சு."

"அம்பத்தாறு மாஷே!" என்றது மூன்றாம் வகுப்பின் கடைசி வரிசை.

டீச்சர் சிரிக்கவில்லை. அவர் சிரிக்கிற ஆளே இல்லை. "பாத்தீங்களா, ரெண்டும் நடக்குது" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டினார்.

புத்தகங்களை அவர்தான் சேர்த்தார். ஸ்கூல் தந்தது ஒன்றும் இல்லை. எங்கள் மானேஜர் ஒரு சுக்கு வியாபாரி. அவர் தாத்தா கட்டிய ஸ்கூல் அது. சம்பளம் சர்க்கார் கொடுக்கும், ஆளை மானேஜர் போடுவார். புத்தகம் என்றால் அவருக்குக் கணக்குப் புத்தகம்தான். டீச்சர் பழைய பேப்பர் கடைகளில் மூட்டையைக் கிளறுவார். வேனில் வைத்து மலிவாக விற்ற ருஷ்யப் புத்தகங்களை வாங்குவார். யூதர்கள் குடியிருந்த ஜூ டவுனில் ஒரு குடும்பம் வீட்டைக் காலி செய்துகொண்டு இஸ்ரேலுக்குப் போனபோது, பிள்ளைகள் படித்த படப் புத்தகங்களை வாசலில் ஒரு பெட்டியில் போட்டு வைத்திருந்தார்கள். அதைத் தலையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். அவை வலமிருந்து இடமாகத் திறக்கிற புத்தகங்கள். பிள்ளைகளுக்கு அது ஒரு வாரத்துக்குத் திருவிழா.

ஆனால் அந்த ஹீப்ரு எழுத்து யாருக்கும் தெரியாது. பெயர் எது, ஊர் எது என்று புரியவில்லை. "பேரு இல்லன்னு சொல்லிட்டுப் போங்களேன்" என்றேன். "பேரு இருக்கு மாஷே. எனக்கு வாசிக்கத் தெரியலை. அது வேற காரியம்" என்றார். அன்று சாயங்காலம் கொட்டுகிற மழையில், புத்தகத்தை பிளாஸ்டிக் கவரில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு ஜூ டவுனுக்கே திரும்பப் போனார். அங்கே மிச்சம் இருந்த ஒரு கிழவரைப் பிடித்து வாசிக்கச் சொன்னார். மறுநாள் தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டது: "வரைஞ்சது ஒரு பெண்ணு. வாசிச்சுக் காட்டின அந்த அப்பாப்பன் கேட்டாரு, இந்தப் பேரு உனக்கு எதுக்குன்னு. குட்டிகள் கேக்கும்னு சொன்னேன். அவரு கண்ணாடியைக் கழட்டித் துடைச்சிட்டு மறுபடியும் ஒருக்கா வாசிச்சாரு." அந்தப் பெயரைப் பிள்ளைகள் நன்றாகவே சொல்லக் கற்றுக்கொண்டார்கள். எனக்குத்தான் நினைவில்லை.

வருஷத்துக்கு ஒருநாள், மாசி வெயிலில், படப் புத்தக நாள் நடத்துவார். எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேர் டோபிகானாவிலிருந்து வருகிறவர்கள். தலைமுறைகளுக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து வந்து கொச்சியில் துணி வெளுக்கிற குடும்பங்கள். அவர்கள் துணி காயப்போடுவதற்கு கிளிப் வைக்க மாட்டார்கள். இரண்டு கயிறுகளை முறுக்கிக் கட்டி, அந்த முறுக்குக்குள் துணியின் ஓரத்தைச் செருகிவிடுவார்கள். எந்தக் காற்றுக்கும் விழாது. அப்பன்மார் வந்து ஸ்கூல் முற்றத்தில் அந்த மாதிரிக் கயிறு கட்டிக் கொடுப்பார்கள். அட்டையின் ஓரத்தைச் செருகினால் புத்தகங்கள் வரிசையாகத் தொங்கும். ஒவ்வொரு புத்தகத்துக்கும் கீழே ஒரு பிள்ளை நிற்கும். வருகிறவர்களுக்கு முதலில் வரைந்தவர் பெயரைச் சொல்லும், பிறகு படத்தைக் காட்டித் தனக்குத் தோன்றுவதைச் சொல்லும். தமிழோ மலையாளமோ, இரண்டும் கலந்தோ.

நாற்காலியில் யார் உட்காருவது என்பதில்தான் வம்பு. இருந்த நல்ல நாற்காலிகளில் அவர் உட்கார வைத்தது சினிமா போர்டு எழுதுகிறவரையும், லாரிக்குப் பின்னால் மயில் வரைகிறவரையும், இஞ்சி மூட்டைகளுக்குப் புலி முத்திரை வெட்டிக் கொடுக்கிற, காக்கா என்று எல்லாரும் கூப்பிடுகிற ஒரு முஸ்லிம் பெரியவரையும். மானேஜர் வந்தபோது நாற்காலி இல்லை. காக்கா பதறி எழுந்தார். டீச்சர், "நீங்க இருங்கோ. இது வரையுற ஆளுக்கு உள்ள கசேரி" என்றார். மானேஜர் சிரித்துக்கொண்டேதான் நின்றார். அந்தச் சிரிப்பை நான் பார்த்தேன். எனக்கு அது பிடிக்கவில்லை.

இன்னொரு வருஷம் கல்வி ஆபீஸர் பரிசோதனைக்கு வந்தார். ஒரு பையன் யானைப் படத்தைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தான். "நல்லது. இந்தக் கதையிலிருந்து என்ன நீதி தெரிஞ்சுகிட்டே?" என்று ஆபீஸர் கேட்டார். பையன் முழித்தான். டீச்சர் குறுக்கே வந்தார்.

"நீதி இல்ல சார். யானை உண்டு."

ஆபீஸர் என்ன எழுதிக்கொண்டு போனாரோ தெரியாது. மறுநாள் ஹெட்மாஸ்டர் முகத்தைப் பார்த்தால் நல்லது எழுதவில்லை என்று தெரிந்தது.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது ஸ்கூலுக்கு ஜூபிலி வந்தது. எண்பதுகளின் ஆரம்பம். மானேஜர் ஒரு மலர் போட ஆசைப்பட்டார். தன் தாத்தா படம், தன் படம், மந்திரி வாழ்த்து, சுக்கு விளம்பரம். டீச்சர் நேராகப் போய், "குட்டிகள் வரைஞ்ச ஒரு படப் புத்தகமும் அச்சடிப்போம். மட்டாஞ்சேரியை அதுங்க வரையட்டும்" என்றார். செலவு அதிகம் இல்லை என்று தெரிந்ததும் மானேஜர் சம்மதித்தார்.

பிள்ளைகள் வரைந்தார்கள். படகு, சீன வலை, மூட்டை தூக்குகிற ஆள், பூனை. மூன்றாம் வகுப்பில் முத்துமாரி என்று ஒரு பெண், டோபிகானாப் பிள்ளை. வாயே திறக்காது. அது காயப்போட்ட துணிகளை வரைந்திருந்தது. கயிற்றுக்குக் கீழே படுத்துக்கொண்டு மேலே பார்த்தால் தெரிகிற மாதிரி. வெள்ளைச் சட்டைகள், வெள்ளை முண்டுகள். ஆள் ஒருவரும் கிடையாது. ஆனால் ஒவ்வொரு சட்டைக்குள்ளும் காற்று இருந்தது. எனக்குப் படம் ஒன்றும் தெரியாது. நானே அதைக் கீழே வைக்காமல் கொஞ்ச நேரம் நின்றேன். அட்டைக்கு அதுதான் என்று முடிவாயிற்று.

வரைந்தவர் பெயரை மூலையில் போட வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். மற்றப் பிள்ளைகள் பெயர் எழுதின. முத்துமாரி ஒரு கோடு போட்டு அதன் மேல் மூன்று புள்ளி வைத்திருந்தது. ஏதோ கையெழுத்து என்று நாங்கள் விட்டுவிட்டோம். ஓவியங்கள் மானேஜர் வீட்டுக்குப் போய், அங்கிருந்து பிரஸுக்குப் போயின.

அச்சாகி வந்த அன்று டீச்சர் எப்போதும் போல அட்டையைத் திருப்பி உள்ளே எறும்பைத் தேடினார். அங்கே இருந்தது: 'அட்டைப்படம்' என்று போட்டு மானேஜரின் பேரன் பெயர். அந்தப் பையன் எங்கள் ஸ்கூலிலேயே படிக்கவில்லை. எர்ணாகுளத்தில் இங்கிலீஷ் ஸ்கூலுக்குக் காரில் போகிறவன்.

மானேஜர் மறைக்கக்கூட இல்லை. ஆபீஸ் அறையில் எங்கள் எல்லார் முன்னாலும் தன் சட்டைக் காலரைத் திருப்பிக் காட்டினார். உள்பக்கம் ஒரு கோடு, மேலே மூன்று புள்ளி. துணி மாறிப்போகாமல் இருக்க வெளுக்கிறவர்கள் சேராங்கொட்டை மையால் போடுகிற குறி.

"இது எங்க வீட்டுக் குறியாக்கும். குட்டியே போட்டுத் தந்திருக்கு, படம் எங்களுதுன்னு. பின்னே என்ன?" என்று சொல்லிச் சிரித்தார். ஹெட்மாஸ்டரும் சிரித்தார். சம்பளம் சர்க்கார் கொடுத்தாலும் சிரிப்பு மானேஜருக்குத்தான்.

டீச்சர் வகுப்புக்கு வந்து முத்துமாரியைக் கூப்பிட்டார். தட்டி வழியாக எனக்குக் கேட்டது.

"உன் பேரு எழுதச் சொன்னேன். இதை ஏன் போட்டே?"

"பொஸ்தகம் மானேஜர் வீட்டுக்குத்தானே போவுது டீச்சர். யாருக்குப் போவணுமோ அவங்க குறி போடணும். இல்லேன்னா மாறிப்போவும்."

"வெளுத்தது ஆருன்னு குறி போட மாட்டீங்களா?"

"அதுக்குக் குறி இல்ல டீச்சர்."

"உங்க வீட்டுத் துணிக்கு?"

"எங்க துணிக்கு எதுக்குக் குறி? அது எங்ககிட்டதானே இருக்கு."

நான் எட்டிப் பார்த்தேன். டீச்சர் பிள்ளையைத் திட்டவில்லை, தட்டிக்கொடுக்கவும் இல்லை. அட்டையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஜூபிலி அன்று பந்தல், மைக், மந்திரிக்குப் பதில் வந்த யாரோ ஒருவர். புத்தகத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டி நாலு வார்த்தை பேச டீச்சரைக் கூப்பிட்டார்கள். அவர் மேடைக்குப் போய் அட்டையைப் பிள்ளைகள் பக்கம் திருப்பிப் பிடித்தார். நான் எழுந்து நின்றுவிட்டேன். என்ன வரப்போகிறது என்று அந்தப் பந்தலில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

"இது ஆரு வரைஞ்சது?"

"முத்துமாரி!"

பந்தல் அதிர்ந்தது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்வேன். பிள்ளைகளுக்கு அந்தக் கேள்விக்கு உண்மையான பதிலைச் சொல்லித்தான் பழக்கம். மானேஜர் எழுந்து, "டீச்சர், அச்சடிச்ச பேரை வாசிங்க" என்றார். டீச்சர் அவர் பக்கம் திரும்பவே இல்லை. மறுபடியும் கேட்டார். மறுபடியும் அதே பதில், இன்னும் பலமாக. பெண்கள் வரிசையில் முத்துமாரி பாவாடைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. யாரோ மைக்கை அணைத்தார்கள்.

மறுநாள் மெமோ வந்தது. 'பிள்ளைகளைத் தூண்டிவிட்டேன், படம் மானேஜரின் பேரன் வரைந்ததுதான்' என்று டீச்சர் எழுதிக் கொடுத்தால் மன்னிப்பாம். டீச்சர் மெமோவை மடித்துக் குடைக்குள் சொருகிக்கொண்டார். "எழுதாதீங்க, யூனியன்ல பேசலாம்" என்றேன். "எழுதப் போறதில்ல" என்றார்.

அதற்கு அடுத்த நாள் முத்துமாரியின் அப்பா வந்தார். வெயிலில் வெந்த மனுஷன். வகுப்பு வாசலில் நின்றுகொண்டே கத்தினார்.

"டீச்சரம்மா, பேரு வெச்சு நான் என்ன பண்ண? கஞ்சியிலே போட்டுக் குடிக்கவா? அந்த மானேஜர் வீட்டுத் துணியை நிறுத்திட்டாங்க. அண்ணன் தம்பி வீடு, மச்சான் வீடு எல்லாம் சேர்ந்து நிறுத்திட்டாங்க. என் மவ பேரை மைக்குல கேட்டியளே, இனி அடுப்புல பூனை தூங்கும், அதையும் அவ வரையட்டும்!"

டீச்சர் எழுந்து வாசலுக்குப் போய், அவர் கத்தி முடிக்கும் வரை அவர் முன்னால் நின்றார்.

சாயங்காலம் என்னிடம் வந்தார். "மாஷே, ஒருக்கா என்கூட வாங்கோ. ஒரு சாட்சி வேணும்." மானேஜர் வீட்டுக்குப் போனோம். உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே டீச்சர் சொன்னார்:

"நான் ஜோலியை விடறேன். நீங்க துணியை முத்துமாரி அப்பாவுக்கே போடணும். எல்லா வீட்டுத் துணியும்."

"படம் என் பேரன் வரைஞ்சதுன்னு எழுதித் தருவியா?"

"அது மாட்டேன். ஜோலி வேணும்னா எடுத்துக்கோங்கோ."

மானேஜர் யோசித்தார். எதை யோசித்தார் என்று எனக்குத் தெரியும். காலியான ஒரு டீச்சர் வேலையை மானேஜர்மார் என்ன விலைக்கு விற்பார்கள் என்று கேரளத்தில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். மன்னிப்புக் கடிதத்தை யாரும் விலைக்கு வாங்க மாட்டார்கள். "சரி" என்றார்.

ரோட்டுக்கு வந்ததும் நான் கத்தினேன். "உங்களுக்குப் பைத்தியமா? அந்த ஆளு ஜெயிலுக்குப் போக வேண்டியவன். அவன் கையிலே வேலையைத் தூக்கிக் குடுத்துட்டு வர்றீங்க. யூனியன் இருக்கு, கோர்ட்டு இருக்கு!"

"யூனியன் எனக்கு ஜோலி வாங்கித் தரும் மாஷே. அவருக்குத் துணி வாங்கித் தருமோ?" என்றார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "பேரு கேட்டது நான். பட்டினி கிடக்குறது அவங்களோ?" என்றார்.

எனக்கு அந்தக் கோபம் இன்றைக்கும் இருக்கிறது.

ஸ்கூலில் டீச்சருடைய கடைசி நாளன்று பிள்ளைகளுக்கு அந்த ஜூபிலிப் புத்தகத்தைக் கொடுத்தார்கள். மணி அடிப்பதற்கு முன்னால் முத்துமாரியின் அப்பா மறுபடியும் வந்தார். துணி திரும்பி வந்தது எப்படி என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். இந்தத் தடவை கத்தவில்லை. கையில் ஒரு சின்னக் குப்பி, கூர் சீவிய ஒரு குச்சி.

"சேராங்கொட்டை மை. எத்தனை வெளுத்தாலும் போவாது டீச்சரம்மா" என்று மேஜை மேல் வைத்தார். பிறகு மகளிடம், "கையிலே படாமப் பாத்துக்க, பொத்துப்போவும்" என்றார்.

முத்துமாரி தரையில் உட்கார்ந்தது. பிள்ளைகள் வரிசையாகப் புத்தகத்தை நீட்டின. அட்டையில் அந்தக் கோட்டுக்கும் மூன்று புள்ளிக்கும் பக்கத்தில் தன் பெயரை எழுதியது. ஒரு பையன் உள்பக்கத்தைத் திறந்து, "இந்தப் பேரை அடிச்சிரு" என்று பேரன் பெயரைக் காட்டினான். டீச்சர் தடுத்தார்.

"வேண்டாம். அந்தக் குட்டி என்ன செஞ்சுது? அது கிடக்கட்டும். நீ உன் பேரை எழுது."

அப்பா வாசலிலேயே நின்று கடைசிப் புத்தகம் வரைக்கும் பார்த்தார். நானும் தட்டியைச் சுற்றிக்கொண்டு போய் வரிசையில் நின்றேன். என் புத்தகத்திலும் எழுதியது. அச்சு வெளுத்துவிட்டது. கறுப்பு மை அப்படியே இருக்கிறது.

அவருக்குக் களமசேரியில் யாரோ நடத்துகிற நர்ஸரியில் இடம் கிடைத்திருந்தது. சம்பளம் பாதிகூட இல்லை. படகுத்துறை வரைக்கும் நான் போனேன். ஜூ டவுன் பெட்டியை இந்தத் தடவை நான் சுமந்தேன். படகு கண்ணில் பட்டதும் எனக்குத் தாங்கவில்லை.

"இதையெல்லாம் ஒருநாள் எழுதுவேன் டீச்சரே. அந்த ஆளு மானம் போற மாதிரி எழுதுவேன். உங்க பேரைப் பெருசா போட்டு எழுதுவேன்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். மூன்றாம் வகுப்பில் தப்பாக விடை சொன்ன பிள்ளையைப் பார்க்கிற பார்வை.

"என் பேரு எதுக்கு? நான் ஒண்ணும் வரைஞ்சதில்லையே மாஷே."

பெட்டியை வாங்கிக்கொண்டு படகில் ஏறினார்.

அதனால் அவர் பெயரை நான் எழுதவில்லை. படம் வரைந்தது முத்துமாரி.